பசி உள்ள நாடுகளில் மீன் வளர்ப்பு: சில இடத்தில் ஓடுகிறது, சில இடத்தில் ஏன் நின்றுபோகிறது?

ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில், தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் பேசுகிற பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். குத்தகைக் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறவர்கள் நாங்கள். குஞ்சு ஆந்திராவிலிருந்து வருகிறது, மீன் பாதி சென்னைக்குப் போகிறது. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும், ஆப்பிரிக்காவில் பண்ணை வேலை கிடைத்துப் போகிற பையன்களும், வெறுமனே செய்தி பார்த்துவிட்டு வருகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும்.

அண்ணா, ஆப்பிரிக்காவில் ஏரி இருக்கிறது, வெயில் இருக்கிறது, மக்கள் பசியோடு இருக்கிறார்கள். அப்புறம் ஏன் மீன் வளர்க்கவில்லை?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். தண்ணீரும் வெயிலும் இருந்தால் மீன் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். மீன் வளர்ப்பு ஒரு தொழிலாக நிற்க வேண்டுமென்றால் நல்ல குஞ்சு, கட்டுப்படியாகிற தீனி, பிடித்த அன்றே வாங்கிக்கொள்ள ஒரு வியாபாரி, இந்த மூன்றும் குளத்திலிருந்து எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டாவது போகத்தோடு ஆள் கையை விரித்துவிடுவார். நான் படித்த, கேட்ட எல்லா நாட்டுக் கதையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

உலக அளவில் நிலவரம் என்ன?

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி 2022-ல் வளர்ப்பு மீன், இறால், நத்தை வகையறா எல்லாம் சேர்த்து 9.44 கோடி டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்தது சுமார் 9.1 கோடி டன். வளர்த்தது பிடித்ததை முந்தியது அதுவே முதல் முறை. ஆனால் இதில் பத்து நாடுகள் மட்டுமே சுமார் 90 சதவீதத்தை வைத்திருக்கின்றன: சீனா, இந்தோனேசியா, இந்தியா, வியட்நாம், வங்கதேசம் என்று போகிற பட்டியல். ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்தால்கூட 3 சதவீதம் தேறாது, அதிலும் பெரும்பங்கு எகிப்தும் நைஜீரியாவும். அதே ஆப்பிரிக்காவில் 2024-ல் ஐந்தில் ஒருவருக்கு மேல் பசியில் இருந்தார் என்று அதே அமைப்பு சொல்கிறது. மீன் பெருகுகிற இடம் ஒன்று, பசி இருக்கிற இடம் வேறொன்று. எனக்கு இதில் மனசு ஆறுவதே இல்லை.

குஞ்சு இவ்வளவு பெரிய பிரச்சினையா? மீன் தானாகவே குட்டி போடாதா?

கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கெண்டை இனத்து ஆற்று மீன். தேங்கின குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். நம் நாட்டில் ஜூலை 10-ஐ மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். அதற்கு முன்னால் வெள்ள காலத்தில் ஆற்றில் வலை போட்டு, கிடைத்த குஞ்சை, நல்லதும் கெட்டதும் கலந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

இன்று ஆந்திராவில் பொரிப்பகம் நடத்துகிறவர் வேறு, நுண்குஞ்சை வாங்கி விரல் அளவுக் குஞ்சாக்குகிறவர் வேறு, அதை ஒரு வருஷம் நெருக்கமாகப் போட்டு வளர்ச்சியை நிறுத்திவைத்து நூறு நூற்றைம்பது கிராமில் விற்கிறவர் வேறு. அப்படி நிறுத்திவைத்த குஞ்சைப் பெரிய குளத்தில் விட்டால் விறுவிறுவென்று ஏறும். ஆளாளுக்கு ஒரு வேலை என்று பிரிந்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் ஒரு போன் போட்டால் விடியற்காலையில் வண்டி வந்து நிற்கிறது. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையை அப்படியே குளத்தில் மிதக்கவிட்டு, பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூடாகிற வரை காத்திருந்து, வாயை அவிழ்த்துக் குஞ்சு தானாக நீந்தி வெளியே போக விட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் மறுநாள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும்.

இப்போது மலாவியிலோ சாம்பியாவிலோ ஒரு கிராமத்து விவசாயியை யோசித்துப் பாருங்கள். பொரிப்பகம் பல மணி நேரப் பயணத் தூரத்தில், சாலை மோசம், ஆக்சிஜன் உருளை கிடையாது. பெரும்பாலும் பக்கத்துக் குளத்திலிருந்து திலாப்பியாக் குஞ்சை, நம் ஊரில் ஜிலேபி என்கிறோமே அதுதான், வாங்கிக்கொண்டு வந்து விடுவார். அது கைப்பிடி அளவிலேயே முட்டையிட ஆரம்பித்து, குளம் முழுக்கப் பொடியாகப் பெருகி, எதுவும் வளராமல் நின்றுவிடும். விவசாயி சோம்பேறி என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

தீனிக்கு நம் ஊரைப் போலத் தவிடும் புண்ணாக்கும் போடலாமே?

போடலாம், இருந்தால். செலவில் பாதி முதல் எழுபது சதவீதம் வரை தீனிக்கே போகிறது, எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் இதுதான். ஆந்திராவில் கொல்லேரு ஏரி, கைக்கலூர் பக்கம் போனால் குளத்தில் வரிசையாக மூங்கில் நட்டு, உரச் சாக்கில் ஓட்டை போட்டு, எண்ணெய் எடுத்த தவிட்டை அதில் நிரப்பிக் கட்டியிருப்பார்கள். ரோகு வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும். தீனி வீணாகாது, சாக்கைத் தூக்கிப் பார்த்தாலே மீன் தின்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கோதாவரி, கிருஷ்ணா டெல்டா முழுக்க நெல், அதனால் அரிசி ஆலை, அதனால் தவிடு, அதனால் மலிவான மீன்.

மலாவியில் மக்காச்சோளம்தான் சோறு. அதன் தவிடுதான் மீன் தீனி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அறுவடைக்கு முந்தின பஞ்ச மாதங்களில் அந்தத் தவிட்டையே மனிதர்கள் சாப்பிடுகிறார்கள். குளத்துக்குப் போடுவதா வீட்டுக்கு வைப்பதா என்ற கேள்வி வந்தால் யாருக்கும் பதில் தெரியும். அதே மாதங்கள்தான் தண்ணீர் சூடாக இருந்து மீன் வேகமாக வளர்கிற மாதங்கள்.

கம்பெனித் தீனி வாங்கினால் வேறு சிக்கல். சோயாவும் மீன் மாவும் இறக்குமதி, டாலர் ஏறினால் தீனி ஏறும். எகிப்து 2016 நவம்பரில் தன் பணத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது அது சரிந்து, பண்ணைக்காரர்களுக்குத் தீனி விலை தலைக்கு மேல் போனது. இதைவிடக் கொடுமை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில்: மௌரிடானியா, செனகல், காம்பியாவில் ஏழைகள் சாப்பிட்டுவந்த சாளை வகை மீனை ஆலைகளில் அரைத்து மாவாக்கி வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் போகிறது. அந்த மீனை வாங்கிப் புகைபோட்டு விற்றுப் பிழைத்த பெண்கள் காலிக் கூடையோடு நிற்கிறார்கள். ஒரு ஊரின் பசியைத் தின்றுதான் இன்னொரு ஊரின் மீன் வளர வேண்டும் என்றால் அந்த மீன் வளர்ப்பை நான் ஆதரிக்க மாட்டேன்.

அரசாங்கமே குளம் வெட்டிக் கொடுத்துவிட்டால்?

கென்யா செய்து பார்த்தது. 2009-ல் பொருளாதார ஊக்கத் திட்டம் என்று ஆரம்பித்து, 140 தொகுதிகளில் தொகுதிக்கு 200 குளம், ஒவ்வொன்றும் 300 சதுர மீட்டர். குஞ்சு கொடுத்தார்கள், தீனி கொடுத்தார்கள். திடீரென்று எல்லோருக்கும் குஞ்சு தேவைப்பட்டதால் தரம் பார்க்காமல் பொரித்துத் தள்ளினார்கள். மானியம் நின்றதும் பல குளங்கள் கைவிடப்பட்டன.

குளம் வெட்டுவது ஓட்டு வாங்க வசதியான வேலை, ஜேசிபி வந்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும், திறப்பு விழா வைக்கலாம். பொரிப்பகத்துக்குத் தாய்மீனை நாலைந்து தலைமுறை பொறுமையாகத் தேர்ந்தெடுப்பதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை. மானியமே கூடாது என்று சொல்லவில்லை. நம் பக்கம் 2020-ல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம் மானியம், அது பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் இங்கே குஞ்சும் தீனியும் வியாபாரியும் ஏற்கெனவே இருந்தார்கள். இல்லாத இடத்தில் குளத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் தவளைதான் வளரும்.

சரி, உருப்படியாக நடந்த நாடு எது?

மூன்று சொல்கிறேன். மூன்றும் வேறு வேறு வழி.

வங்கதேசம்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை. வீட்டுக்கு மண் மேடு போடத் தோண்டியதால் அங்கே வீட்டுக்கு வீடு குட்டை உண்டு. மைமன்சிங் பக்கம் சிறு விவசாயிகள் பங்காஸ் என்கிற கெளுத்தி வகை, திலாப்பியா, கெண்டை என்று வியாபாரத்துக்காகவே வளர்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்திலேயே பொரிப்பகம், தீனி ஆலை, வண்டிக்காரர், ஐஸ் வியாபாரி எல்லோரும் முளைத்தார்கள். மீன் விலை இறங்கியது, கூலி வேலைக்காரர் வீட்டிலும் மீன் வாங்க முடிந்தது. ஏழைக்கு மீன் போய்ச் சேர்ந்ததற்கு, அவரே குளம் வைத்திருந்ததைவிடப் பக்கத்து ஊர்க்காரர் நிறைய வளர்த்து விலையை இறக்கியதே பெரிய காரணம்.

எகிப்தில் விவசாயத்துக்கு விடுகிற நைல் நதி நல்ல தண்ணீரை மீன் குளத்துக்கு எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. வயலிலிருந்து வடிகிற தண்ணீரில்தான் வளர்க்க வேண்டும். அப்படியிருந்தும் டெல்டா முழுக்கத் தனியார் பொரிப்பகங்களும் தீனி ஆலைகளும் பெருகி, திலாப்பியா அந்த நாட்டின் மலிவான புரதங்களில் ஒன்றாகிவிட்டது. வடிகால் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்கிற கவலை மட்டும் இன்னும் தீரவில்லை.

நைஜீரியாவில் மின்சாரம் எப்போது வரும் போகும் என்று தெரியாது, ஐஸ் கிடைக்காது. அவர்கள் கெளுத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மீன் காற்றையும் சுவாசிக்கும், தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் இல்லாத சிமென்ட் தொட்டியிலும் பிழைக்கும், சந்தையில் உயிரோடு தொட்டியில் போட்டு வைக்கலாம், வாங்குகிறவர் கையைக் காட்டினால் அதை எடுத்து வெட்டித் தருவார்கள். குளிர்பதனமே தேவையில்லாத வியாபாரம். ஊருக்குள் என்ன குறை இருக்கிறதோ அதற்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை நம் ஊரில் தடை செய்திருக்கிறார்களே?

ஆமாம், இந்தியாவில் 2000-லேயே தடை. அங்கே அது சொந்த ஊர் மீன். இங்கே வந்தால் ஏரிக்குள் புகுந்து நம் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும். திருட்டுத்தனமாக வளர்க்கிறவர்கள் இந்தப் பக்கமும் உண்டு, கோழிக் கழிவைப் போட்டு. தயவுசெய்து வேண்டாம். சாம்பியாவில் இதே சிக்கல் தலைகீழாக: நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து வளர்த்தார்கள், அது தப்பித்துக் காஃபுவே ஆற்றுக்குள் போய் உள்ளூர்த் திலாப்பியாவோடு கலந்துவிட்டது. மலாவி அதற்குப் பயந்தே வெளிநாட்டு மீனை அனுமதிக்காமல் வைத்திருந்தது, அதனால் மெதுவாக வளர்கிற உள்ளூர் மீனோடு விவசாயி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் உள்ளூர் மீனையே தேர்ந்தெடுத்து இனம் மேம்படுத்துவதுதான் வழி. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் என்கிற திலாப்பியா ரகம், அங்கே உள்ளூர் மீன் இல்லையென்றாலும், தேர்ந்தெடுக்கிற அந்த முறையில்தான் வந்தது. மரபணுவை வெட்டி ஒட்டவில்லை, நன்றாக வளர்ந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள்.

ஏற்றுமதி இறால் வளர்த்தால் அந்நியச் செலாவணி வருமே, அதில் உணவு வாங்கலாமே?

இறாலை எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். நெல்லூரிலிருந்து பழவேற்காடு வரை 90-களில் வந்த வேகமும், 94, 95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து போட்டதையெல்லாம் விட்டுவிட்டு ஆட்கள் போனதும், வயல் உப்பானதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்காற்று எல்லைக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 2005-ல் தனிச் சட்டமே வந்து, இன்று வனாமி இறால் பெரிய தொழில். சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த இறால் இங்கே யார் தட்டிலும் விழவில்லை. கைக்கலூர் ரோகு ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வங்காளம், அசாம் என்று போய்ச் சாதாரண மக்கள் குழம்பில் விழுகிறது. உணவுக்குத் தவிக்கிற ஒரு நாடு எதை முதலில் எடுக்க வேண்டும் என்றால் நான் கெண்டைப் பக்கம்தான்.

மீன் நிறைய வந்தால் சத்துக்குறைபாடு போய்விடுமா?

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. பெரிய கெண்டையில் சதையைத் தின்று முள்ளைத் துப்பிவிடுகிறோம். வங்கதேசத்தில் மோலா என்று ஒரு பொடி மீன், நம் ஏரியில் வருகிற பொடி மாதிரி. தலை, கண், முள் எல்லாவற்றோடும் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள். கால்சியம் முள்ளில், வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணில். முன்பெல்லாம் குளம் தயார் செய்யும்போது இந்தப் பொடியைக் களை மீன் என்று மருந்து போட்டுக் கொன்றுவிடுவார்கள். சகுந்தலா தில்ஸ்டெட் என்கிற, டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி, அதைக் கொல்லாதீர்கள், கெண்டையோடு சேர்த்தே வளருங்கள் என்று ஆய்வு செய்து காட்டினார். 2021-ல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கெண்டை சந்தைக்கு, பொடி வீட்டுக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை அம்மா ஒரு சின்ன வலையோடு போய்க் குழம்புக்கு ஆகிற அளவு எடுத்துக்கொள்ளலாம், கணவரையோ வலைக்காரரையோ எதிர்பார்க்க வேண்டாம். இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டுக் குளத்தைக் காலி செய்கிற நம் பழக்கத்தையும் இந்த விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குளம் யார் பேரில் என்பது வரும்போது காணாமல் போகிறது. இதே உலக உணவுப் பரிசை 2005-ல் வாங்கியவர் நம் பக்கத்து பாபட்லாவில் பிறந்த மொடடுகு விஜய் குப்தா. வங்கதேசத்தில் சாலையோரப் பள்ளம், மழைக்கு மட்டும் நிறைகிற குட்டை, யாரும் சீண்டாத தண்ணீர் இவற்றில் ஏழைப் பெண்கள் சில மாதத்தில் மீன் எடுக்க வழி காட்டியவர். சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவில் ரயிலில் எத்தனையோ முறை போகிறவர்களுக்கு இவர் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஏரியும் குளமும் யாருடையது என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். ஒரு வருஷக் குத்தகைக்குக் குளம் எடுத்தவர் கரையைப் பலப்படுத்த மாட்டார், சேற்றை வார மாட்டார், கிடைத்ததைச் சுரண்டிக்கொண்டு போவார். குத்தகை ஐந்து வருஷம் என்று உறுதியாக இருந்தால் அதே ஆள் அதே குளத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வார். இங்கேயும் அப்படித்தான், உகாண்டாவிலும் அப்படித்தான்.

பொது ஏரியில் கூண்டு வைத்து வளர்ப்பது இப்போது விக்டோரியா ஏரியிலும் கானாவின் வோல்டா ஏரியிலும் வேகமாகப் பரவுகிறது. டன் கணக்கு பார்த்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் பரம்பரையாக வலை போட்டவர்களுக்கு இடம் சுருங்குகிறது. பழவேற்காட்டில் பாடு முறை என்று உண்டு: எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. குறைகள் உண்டு, எல்லாச் சமூகத்துக்கும் அதில் இடம் கிடையாது. ஆனாலும் தண்ணீருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள் என்பதை அது நினைவுபடுத்தும். கொல்லேருவில் ஏரிக்குள்ளேயே குளமாக வெட்டிக்கொண்டே போய், கடைசியில் 2006-ல் அரசே இயந்திரம் கொண்டுவந்து கரைகளை உடைக்க வேண்டியதானது.

நெருக்கமாகக் கூண்டு வைத்தால் நோயும் சேர்ந்து வரும். வோல்டாவில் 2018-ல் ஒரு வைரஸ் வந்து திலாப்பியா கூட்டம் கூட்டமாகச் செத்தது.

சீனாவிலிருந்து மலிவாக மீன் வந்து இறங்கினால்?

கென்யாவிலும் சாம்பியாவிலும் உறையவைத்த சீனத் திலாப்பியா உள்ளூர் விலைக்குக் கீழே விற்கிறது. வாங்குகிற ஏழைக்கு லாபம், வளர்க்கிற ஏழைக்கு நஷ்டம். வரி போட்டுத் தடுத்தால் உள்ளூர்ப் பண்ணை பிழைக்கும், நகரத்து ஏழை சாப்பாடு குறையும். கொஞ்ச வருஷத்துக்கு மிதமான வரி, அந்தப் பணத்தை அப்படியே பொரிப்பகத்துக்கும் சாலைக்கும் என்றால் எனக்கு ஒப்புதல். வரியை மட்டும் வசூலித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் துரோகம்.

வெள்ளம், வறட்சி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பாபட்லா பக்கம் கரை ஏறியபோது எங்கள் மாவட்டமே தண்ணீரில் நின்றது. கரை தாண்டித் தண்ணீர் போனால் மீனும் போய்விடும், வலை கட்டினவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். அதே வருஷம் மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைப் புரட்டிப்போட்டது. இங்கே போன மீனுக்குக் கடனாவது கேட்டுப் பார்க்கலாம், கிசான் கடன் அட்டையில் மீன் வளர்ப்பையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பல இடத்தில் வங்கிக்குக் குளம் என்றால் ஈடாகவே தெரியாது.

எங்கள் பையன் சாம்பியாவில் ஒரு பண்ணைக்கு வேலைக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

தம்பி, போன முதல் வாரம் குளத்தைப் பார்க்காதே, சந்தைக்குப் போ. மீன் விற்கிற அம்மாவிடம் எந்த அளவு மீன் சீக்கிரம் விற்கிறது என்று கேள். பல ஊரில் ஆளுக்கு ஒரு முழு மீன் தட்டில் வைக்கிற வழக்கம், இருநூறு கிராம் மீன்தான் ஓடும். நம் ஊர் நினைப்பில் ஒரு கிலோ வரை வளர்க்கிறேன் என்று தீனியைக் கொட்டாதே. சின்னதாகவே பிடித்தால் வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்க முடியுமா என்று கணக்குப் போடு. ஜூன், ஜூலையில் அங்கே குளிர், மீன் தின்னாது, அந்த மாதங்களை விட்டுக் கணக்குப் போடு.

அப்புறம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளத்தைப் போய்ப் பார். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிட்டிருக்கும், குறைந்திருந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேகம் மூடின நாளுக்கு மறுநாள் கட்டாயம் பார். ஏரேட்டர் இல்லையென்றால் பம்பு வைத்துக் குளத்துத் தண்ணீரையே மேலே தெளித்து விடு, அன்றைக்குத் தீனி போடாதே. உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்குவதோடு நிறுத்திவிடாமல், குஞ்சு பொரிக்கிற வேலையை இரண்டு பேருக்காவது முழுசாகக் கற்றுக்கொடுத்துவிட்டு வா.